லீவில் வாழ மாட்டேன், அப்பா

'அன்பு மகளுக்கு அப்பா தம்மாமிலிருந்து எழுதுவது' என்று எனக்கு எழுதிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு, இந்த முறை மகள் ஷார்ஜாவிலிருந்து எழுதுவது.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. நினைவு நாளுக்குப் பேப்பரில் படம் போட்டு நான்கு வரி எழுதித் தரச் சொன்னாள் அம்மா. 'பாசமிகு தந்தை' என்று தொடங்கினேன், மேலே ஓடவில்லை. உங்களிடம் கேட்க வேண்டியது நான்கு வரியில் அடங்கவில்லை. வீட்டு விஷயத்தை வெளியில் பேசாதவள் நான், உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் பிறர் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். நம் வீட்டைப் போல இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

நான் ஷார்ஜாவின் ஒரு மூலையில், முவைலாவில் இருக்கிறேன். ஒரே ஃபிளாட்டில் ஐந்து பெண்கள். என் கட்டில் ஜன்னலோரம். இரண்டு பேர் நர்சுகள், நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்குவார்கள் என்பதால் பகலிலும் எங்கள் ரூமில் விளக்குப் போடுவதில்லை. துபாயில் தேராவில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் பத்திரங்களை அடித்துத் தருவது. ஏற்றும் துறைமுகம், இறக்கும் துறைமுகம். வாரத்தில் நாலைந்து முறையாவது 'தம்மாம்' என்று அடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் விரல் ஒரு நொடி தயங்குகிறது.

அங்கே சவூதியில் நீங்கள் எப்படி வேலைக்குப் போனீர்கள்? கம்பெனி பஸ்ஸா? ஜன்னல் சீட் கிடைக்குமா? பக்கத்தில் யார் உட்காருவார்கள்? உங்கள் கடிதங்களில் வெயில் இருக்கும், என் மார்க் பற்றிய விசாரிப்பு இருக்கும், தம்பிக்குப் புத்திமதி இருக்கும். நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கு இந்த ஊர் மிகப் பெரியது. முவைலாவிலிருந்து ஷார்ஜாவின் பஸ் நிறுத்தம் இருக்கும் ரோலாவுக்கு ஷேர் டாக்ஸி. அங்கிருந்து தேராவுக்குப் பஸ். துபாய் ரோட்டில் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், தடித்தடி நாவல்களையெல்லாம் அந்த ரோட்டிலேயே முடித்திருக்கிறேன். யாருக்கும் விலாசம் கிடையாது. எங்கள் பில்டிங்குக்கு வழி சொல்வதென்றால், பச்சை போர்டு குரோசரிக்குப் பின்னால், லாண்டரிக்கு எதிரில். போன வருடம் அந்த லாண்டரியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து கேஸ் சிலிண்டர்காரர் எங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்.

பஸ்ஸில் முன் வரிசைகள் பெண்களுக்கு. ஆண்கள் பின்னால். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பா, ஒருவர் வந்திருக்கிறார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

பெயர் ரூபன். குளச்சல் பக்கம். தேராவில் ஒரு ஒர்க்ஷாப்பில் டெக்னீஷியன். இங்கே ஞாயிறு வேலை நாள் என்பதால் சர்ச்சில் ஞாயிற்றுப் பூசை வெள்ளிக்கிழமையே வந்துவிடும். அந்தத் தமிழ்ப் பூசை முடிந்து, வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "இவ்வளவு தடியா இருக்கே, படிச்சு முடிச்சா சர்டிபிகேட் எதுவும் குடுப்பாவளா?" என்றார். நான் சிரிக்கவில்லை. ரோலா வந்து இறங்கிய பிறகு தனியாகச் சிரித்தேன்.

கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் இங்கே யாரும் எப்போதும் 'யார் இவர்?' என்று கேட்கலாம். அதனால் எங்கள் காதல் பஸ்ஸில் நடந்தது. சாயங்காலம் தேராவில் ஒரே வண்டியில் ஏறுவோம். நான் மூன்றாவது வரிசை, அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என் போன் அடிக்கும்.

"ஏறிட்டியா?"

"ஒங்களுக்கு முந்தியே ஏறிட்டேன்."

"தெரியும். தலை தெரியுது."

ஷார்ஜா வரும்வரை பேசுவோம். பக்கத்து சீட்டில் வழக்கமாக வரும் ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண் ஒருநாள் திரும்பிப் பார்த்து, போனில் பேசுகிற ஆண்களை ஒவ்வொருவராக எடைபோட்டு, சரியாக அவரைக் கண்டுபிடித்துவிட்டாள். "பாய்ஃப்ரெண்ட்? வெரி ஃபார்," என்று பாவமாகச் சொல்லி எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

ஒரே ஒரு தடவை பார்க்குக்குப் போனோம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. தனியாக வரும் ஆண்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், ரூபனையே இரண்டு முறை திருப்பியிருக்கிறார்கள். வாசலில் இருந்த பட்டான் காவலர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஃபேமிலி?"

"ஹாங் பாய், ஃபேமிலி," என்றார் ரூபன்.

"அச்சா, ஜாவ்."

உள்ளே போனோம். ஒரு பெஞ்சில் ஒரு பை வைக்கிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போது வந்தது பயமா சந்தோஷமா என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு மேம்பாலத்துக்கு அடியில் பஸ் நின்றுபோன நேரத்தில் போன் வந்தது.

"சோஹார்ல வேலை கிடைச்சிட்டு. போர்ட்ல. நல்ல கம்பெனி."

ஓமானில் இருக்கும் சோஹார் எனக்கு அதுவரை பத்திரத்தில் அடிக்கிற ஒரு துறைமுகப் பெயர். "எப்ப போகணும்?"

"ரெண்டு மாசத்துல. அதுக்கு முந்தி ஊருக்குப் போயி கல்யாணத்தை முடிச்சிருவோம்."

"அப்போ நான் சோஹார்ல வேலை தேடணும்."

ஒரே இன்ஜின் இரைச்சல் போனிலும் கேட்டது, பஸ்ஸிலும் கேட்டது.

"இல்ல. விசாவுல மேசன்னு போட்டிருக்கு. மேசன் விசாவுக்கு ஃபேமிலிய கூட்டிட்டுப் போக விடமாட்டாவ. நீ ஊர்ல எங்க அம்ம கூட இரு. வருசத்துக்கு ஒரு மாசம் நான் வருவேன்லா."

"நான் இங்கயே வேலை பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கல்யாணம் முடிஞ்ச பிறவு ஷேரிங் ரூம்ல கெடந்தா ஊர்ல என்ன சொல்லுவாவ? எல்லாரும் இப்பிடித்தான இருக்காவ."

ஒரு நாளும் கரண்டி பிடித்துச் சாந்து பூசாதவர் விசாவில் கொத்தனார். இது இங்கே அதிசயமே இல்லை. கம்பெனியிடம் எந்த வேலைக்கான விசா மிச்சம் இருக்கிறதோ அதில் ஆளை எடுப்பார்கள். எங்கள் ஆபீஸ் டிரைவர் லேபர் கார்டில் தையல்காரர். உங்கள் கார்டில் என்ன எழுதியிருந்தது, அப்பா? அன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் திரும்பிப் பார்த்தேன். தலைகளுக்கு நடுவே அவர் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை அப்பா. தனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ரோலாவில் இறங்கி டாக்ஸி பிடிக்காமல் பாதி தூரம் நடப்பேன். புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தை நாலு தரம் படிப்பேன். ஒருநாள் காலையில் ரூம் ஃபிரிட்ஜில் வைக்க என் பால் பாக்கெட்டில் பெயர் எழுதும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

நீங்கள் ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது நான் காலேஜில் இரண்டாம் வருடம். முதல் வாரம் வீடு முழுக்க ஆட்கள். அப்புறம் நீங்களும் நாங்களும் மட்டும். எழுந்ததும் போர்வையை நாலு மூலையும் பொருந்த மடித்துக் கட்டிலின் அடியில் வைப்பீர்கள். சோப்புப் பெட்டியைக் கையோடு பாத்ரூமுக்குக் கொண்டுபோய்க் கையோடு திரும்பக் கொண்டுவருவீர்கள். "யாரும் உள்ள போறியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவீர்கள். "இந்த மனுசன் லாட்ஜ்ல தங்குனாப்ல தங்குதாரு," என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள்.

பிறகு அந்த முட்டைகள். கடையிலிருந்து ஒரு டஜன் வாங்கிவந்து, ஒவ்வொன்றிலும் பேனாவால் உங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுதி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டீர்கள். அம்மா கதவைத் திறந்து பார்த்தாள்.

"ஒங்க முட்டைய இங்க யாரு திங்கப் போறா?"

நீங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கையை வைத்தபடி நின்றீர்கள். பிறகு ஈரத்துணி எடுத்து ஒவ்வொரு முட்டையாகத் துடைத்தீர்கள். மை போகவில்லை. நானும் தம்பியும் சிரித்தோம். காலேஜில் அதை ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன், அப்பா. மன்னிக்க வேண்டும்.

பதினாலு மாதம் இருந்தீர்கள். நீங்களும் அம்மாவும் வேறு வேறு ஷிப்ட்டில் வேலை செய்கிறவர்களைப் போல ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தீர்கள். நெஞ்சுவலி வந்த அன்றுகூட, தொந்தரவு வேண்டாம் என்று அம்மாவை எழுப்பாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள்?

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. ஒரு தடவையாவது எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே என்று. அந்தக் கோபத்தோடுதான் அந்தப் பஸ் பேச்சுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து, ரூபனைப் பற்றி முதல்முறையாகச் சொன்னேன். ஊர், வீட்டுப் பெயர், பங்குக் கோயில் எல்லாம் விசாரித்தாள். விசாவில் மேசன், அதனால் நான் ஊரில் இருக்க வேண்டுமாம் என்பதையும் சொன்னேன்.

"ஏட்டி, ஒங்கப்பா ஒரு தடவ நமக்கு விசா எடுத்தாரு, தெரியுமா ஒனக்கு?"

"எப்ப?"

"நீ அஞ்சாப்பு படிக்கையில. கார்டுல வெல்டர்னு இருந்தத ரெண்டு வருசம் அலைஞ்சு ஃபோர்மேன்னு மாத்தி, தனி ரூமு பேசி, பேப்பர் எல்லாம் அனுப்பிட்டாரு. நாந்தான் வரலைன்னுட்டேன்."

"ஏம்மா?"

"அவருட்ட ஒங்க ஸ்கூலு, வீடுன்னு என்னவோ சொன்னேன். நெசம் அது இல்ல. அதுக்குள்ள எனக்குப் பழகிட்டுட்டி. சாயங்காலமானா கதவச் சாத்திட்டு நானும் பிள்ளைகளுமா இருக்கது பழகிட்டு. அந்த மனுசன் கூட தெனமும் எப்பிடி இருக்கதுன்னு பயமா இருந்துச்சு."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த லீவுக்கு வந்தாரு. சாவுற வரைக்கும் அதப் பத்திப் பேசல."

"இப்ப நான் என்னம்மா செய்ய?"

"எனக்கென்ன தெரியும். ஒன் போன் கார்டு தீந்துரப் போவுது, வை."

இத்தனை வருடம் சுமந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மா மேல் வைக்கவும் மனம் வரவில்லை. வரச்சொல்லிக் கேட்டது நீங்கள், வராமல் இருந்தது அவள், இடையில் ஓடிய வருடங்களை யார் ஓட்டினார்கள்? அந்தத் தனி ரூமுக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டிருந்தீர்களா, அப்பா? அந்த ரூமைத் திருப்பிக் கொடுத்த அன்று மறுபடியும் ஆறு பேர் ரூமுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டார்களா?

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் ரூபனைத் தேராவில் நிற்கச் சொன்னேன். பஸ் நிலையத்தை ஒட்டின காபிடேரியாவில் டீ சொல்லிவிட்டு நின்றிருந்தார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"நான் ஊருக்குப் போக மாட்டேன்."

"அப்போ கல்யாணம் வேண்டாங்கியா?"

"வேணும். மொத நாள்லேர்ந்து ஒரே ஊர்ல, ஒரே வீட்ல. விசாவுல வேலையை மாத்துங்க, இல்ல வேற கம்பெனி பாருங்க, இல்ல இங்கயே இருங்க. அது ஆகுற அன்னைக்குக் கல்யாணம்."

"அதுக்கு ஒரு வருசம் ஆவும். ரெண்டு வருசமும் ஆவும்."

"ஆகட்டும். கல்யாணம் பண்ணாம காத்திருக்கேன். பண்ணிக்கிட்டுக் காத்திருக்க மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல. பண்ணிக்கிட்டுக் காத்திருந்தா அதுவே பழகிரும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க அம்மயும் இப்பிடித்தான இருந்தா? எங்கப்பா பஹ்ரைன்ல கெடந்தாரு. அவ நல்லாத்தான இருக்கா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

டீயை அப்படியே வைத்துவிட்டார். பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் ஆளுக்கொரு வாசலில் ஏறினோம். அன்று போன் அடிக்கவில்லை.

போன வாரம் சோஹார் போய்விட்டார். போய்ச் சேர்ந்ததாக ஒரு மெசேஜ். இரண்டு நாள் கழித்து இன்னொன்று: 'எங்க அம்மட்ட கேட்டேன்.' அவ்வளவுதான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்க்கிறேன். ஆபீஸில் ஒரு பத்திரத்தில் இறக்கும் துறைமுகத்தைத் தப்பாக அடித்து மேனேஜரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ரூபன் வருவாரா என்று எனக்குத் தெரியாது, அப்பா. வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அவர் என்ன பதில் சொன்னாலும் நான் சொன்னதை மாற்ற மாட்டேன். அவர் இல்லாமல் போனால் அழுவேன், தூங்காமல் கிடப்பேன், வேறு வேலை தேடி வேறு ஊருக்கும் போவேன். ஒருவர் இல்லாமல் இருப்பதற்குப் பழகிக்கொண்டு, அவர் வந்து நிற்கும்போது பயப்படுகிற பெண்ணாக மட்டும் ஆக மாட்டேன். என்னோடு வாழ வருகிறவர், என் வீட்டில் நெஞ்சு வலித்தால், எந்த நேரமானாலும் என்னை எழுப்புவார்.

எழுப்பியிருந்தால் எழுந்து வந்திருக்கக்கூடிய,
உங்கள் மூத்த மகள்