எழுத்தில் இருப்பதுதான் விலை

1951 செப். 3, திங்கள்

காலையிலிருந்து மழை. தஞ்சோங் கிளிங் பஸ் தாமதம். வழியில் எமர்ஜென்சிச் சோதனை; காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளைத் தேடி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். நனைந்துகொண்டே ஆபீஸ். வக்கீல் முறைப்பு.

டைப் அடித்தது: வீட்டுப் பத்திரம் இரண்டு, நோட்டீஸ் ஒன்று. டைப்ரைட்டர் ரிப்பன் வாங்கணும்.

சாயங்காலம் அண்ணன் ஆரம்பித்துவிட்டான். அப்பா எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்த வீடு. அதில் என் பாதியைத் தனக்கு எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

"எமர்ஜென்சி நேரத்துல வீட்டு விலையெல்லாம் விழுந்து கெடக்குலா. பக்கத்து வீடு பத்திரத்துல ரெண்டாயிரம்தான். நம்மளது மட்டும் என்ன தங்கமா? ஆயிரத்த வாங்கிக்கிட்டு எங்கயாவது ரூம் பாத்துக்க."

முப்பத்தாறு வயதில் ரூம். நல்ல அண்ணன்.

செப். 5, புதன்

வெயில். தலைவலி.

அந்தப் பக்கத்து வீட்டுப் பத்திரத்தை அடித்தவளே நான்தான். ஊர் வழக்கம் அண்ணனுக்குத் தெரியாதா என்ன? ஸ்டாம்புச் செலவுக்குப் பயந்து பத்திரத்தில் பாதி விலை. மீதி ரொக்கமாகக் கையோடு கை. அதை எண்ணும்போது வக்கீல் சுருட்டுப் பிடிக்க வெளியே போய்விடுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். காது மட்டும் திரும்பாது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று எண்ணி முடிக்க வெகுநேரம் ஆனது.

விலை எங்கே விழுந்தது? எஸ்டேட்டுகள் இருக்கும் சுங்கை ரம்பாய் பக்கம் விழுந்திருக்கலாம். இங்கே எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணிமார் எல்லாம் பயந்துபோய்க் குடும்பத்தை டவுன் பக்கம் அனுப்புகிறார்கள். வாடகைக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் கிடைத்துவிடுமாம்.

சொல்லிப் பார்த்தேன். "நீ என்ன பெரிய லாயரா? எழுத்துல இருக்கறதுதான் விலை" என்கிறான்.

செப். 7, வெள்ளி

கொடியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன். வேலியோரம் அண்ணி, எதிர் வீட்டுப் பெண்ணிடம்: "இவ கையெழுத்துப் போட்டுட்டான்னா வித்துட்டு டவுன்லயே கடைவீடு பாக்கலாம்னு இவரு சொல்றாரு. இப்ப நல்ல விலை போகுதாம்லா."

அப்படியா சங்கதி.

சட்டிகளை நிறையச் சத்தம் போட்டுக் கழுவினேன். சோப்பு தீர்ந்துவிட்டது.

செப். 9, ஞாயிறு

பூசை முடிந்து ஞானப்பிரகாசம் மாமா வந்தார். அப்பாவோடு கஸ்டம்ஸில் வேலை பார்த்தவர். அண்ணன்தான் கூப்பிட்டிருக்கிறான், எனக்குப் புத்தி சொல்ல.

"நீங்களே சொல்லுங்க மாமா. விலையெல்லாம் விழுந்து கெடக்கு. எழுத்துல இருக்கறதுதானே விலை?"

மாமா காப்பியை ஊதிக்கொண்டே தலையாட்டினார்.

நான் கேட்டேன்: "அப்ப முழு வீடும் ரெண்டாயிரந்தானே அண்ணே? நிச்சயமா?"

"நிச்சயம்."

"சரி. உங்க பாதிக்கு நான் ஆயிரம் தர்றேன். போஸ்டாபீஸ்ல இருக்கு. நாளைக்கே பத்திரத்த நானே அடிக்கிறேன். நீங்க ரூம் பாத்துக்கங்க."

அண்ணி பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தாள். அண்ணன் எழுந்து நின்று கத்தினான்: "ஆயிரமா? வெளையாடுறியா? வீட்டு விலை ஏறிக்கிட்டே போகுது, தெரியுமா ஒனக்கு?"

மாமா காப்பியிலிருந்து நிமிர்ந்தார். "இப்பதானே தம்பி விழுந்து கெடக்குன்னே? ஏறுனது நெசம்னா, தங்கச்சிக்கும் அந்த வெலையே குடு."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மாமா பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத்தான் கிளம்பினார்.

சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் வரை. அப்புறம் அழுகை. கூடப் பிறந்தவன்.

செப். 10, திங்கள்

மறுபடி மழை. பத்திரப் பேச்சு இல்லை. எந்தப் பேச்சும் இல்லை. காலையில் அண்ணி எனக்கு உலை வைக்கவில்லை. இனி இந்த வீட்டில் இரண்டு அடுப்பு.

ரிப்பன் இன்றும் மறந்தது. பாசார்க் கடையில் மண் அடுப்பு கேட்டேன். விலை ஏறியிருந்தது. பேரம் பேசாமல் வாங்கி வந்தேன்.