முப்பத்தொன்பதாம் வருஷத்து நெற்றிக்காசு

19-1-86, ஞாயிறு

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிளாட்பாரக் கடையையே கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். போன மாதம் "அக்கா, இது உங்களுக்குத்தான், எடுத்து வெக்கிறேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன், பழவேற்காட்டு டச்சுக்காரன் காலத்துச் செப்புக்காசை எவனோ கூலிங் கிளாஸ் போட்டவனுக்குத் தள்ளிவிட்டான். கேட்டால், "பொம்பளைங்க சும்மா பாத்துட்டுப் பூடுவீங்கன்னு நென்ச்சேன்" என்கிறான். சும்மா பார்க்கவா ஆவடியிலிருந்து ரயிலில் நசுங்கிக்கொண்டு பாரிமுனைக்கு வருகிறேன்? வாரம் முழுக்க ஃபேக்டரியில் பட்டாளத்துக்காரன் சட்டைக்குக் காலர் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு. அதுவும் இப்படிப் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் இவர் வேறு. "இன்னாமே, செல்லாத காசு கெடைக்கலியா?" என்று சிரிக்கிறார். டாங்கி ஃபேக்டரியில் இரும்பை ராவுகிற மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? சோற்றுத் தட்டை டக்கென்று வைத்தேன்.

6-3-86

கிடைத்துவிட்டது! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது!

என் பக்கத்து மிஷின் நாகவல்லி, மகளுக்குக் கொலுசு செய்ய, அவள் அம்மா வைத்திருந்த வெள்ளி ரூபாய்களை நேற்று முடிந்துகொண்டு வந்திருந்தாள். ஆசாரியிடம் உருக்கக் கொடுக்கிறாளாம். சாப்பாட்டு நேரத்தில் சும்மா வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஆறாம் ஜார்ஜ், எல்லாம் நாற்பதுக்கு மேல். ஒன்றே ஒன்று முப்பத்தொன்பது, ராஜாவின் காதருகே மட்டும் மயிரிழைக் கீறல். அந்த வருஷத்து வெள்ளி ரூபாய் வெளியே வந்ததே கொஞ்சம். காசு விற்கிறவர்களே கண்ணால் பார்த்ததில்லை என்பார்கள்.

நாகவல்லியிடம் மறைக்கவில்லை. "இது அபூர்வமான காசுடி, உருக்கிடாதே" என்றேன். "எனக்கு எடைக்கு எடை வெள்ளி வந்தா போதும்" என்றாள். இன்று என்னிடமிருந்த வெள்ளி ரூபாயில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அவளுக்கும் சந்தோஷம்.

மாமியாரிடம் காட்டினேன். "யார்டி இவன், கிரீடம் வச்சிகினு?" என்று கேட்டாள். "ராஜா" என்றேன். "நம்ம ராஜாவா?" "இல்ல, வெள்ளைக்காரன்." "அப்ப அவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ முத்தம் குடுக்கற?" என்றாள் கிழவி. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

14-8-86

மாமியார் போய்விட்டாள். நேற்று முன்தினம். எழுதினால்தான் என் தலை வெடிக்காது.

ஃபேக்டரிக்கு ஆள் வந்து சொல்லி, நான் பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கிழவியைக் குளிப்பாட்டி பெஞ்சில் கிடத்திவிட்டார்கள். தெரு முழுக்கச் சனம். வாசலிலிருந்தே அலறிக்கொண்டு போய் அவள் மேல் விழுந்தேன். நிஜமான அழுகைதான். நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி. நடுவில் சந்தனத்தை அப்பி ஒட்டியிருந்த காசு. கிரீடம் வைத்த தலை. காதருகே அதே மயிரிழைக் கீறல். என் காசு!

செத்தவர் நெற்றியில் ஒரு ரூபாய் வைப்பது வழக்கம், யார் இல்லை என்றது? எந்த ஒரு ரூபாய்க்காசும் போதுமே! என் நாத்தனார் அங்கம்மா, சில்லறை தேடுகிறேன் என்று பீரோவைத் திறந்து, அதற்குள் என் பவுடர் டப்பாவைத் திறந்து, ஃபிளானல் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து — எத்தனை திறப்பு, எத்தனை பிரிப்பு! — பார்த்துப் பார்த்து இதை எடுத்திருக்கிறாள்.

காதோடுதான் கேட்டேன். தெருவே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். "எங்கம்மா நெத்தியில ஒரு வெள்ளிக்காசு வச்சா உனுக்கு இன்னாடி கொறஞ்சி பூடும்? தகரக் காசு வச்சி அனுப்பணுமா?"

சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. என்ன செய்வேன்? மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் கொழுந்தன் அப்பாவுவை ஓரமாக இழுத்து, கையில் வேறு ஒரு ரூபாயைத் திணித்து, இடுகாட்டில் கடைசியாக முகம் பார்க்கும்போது மாற்றிவிடச் சொன்னேன். "செய்றேன் அண்ணி" என்று தலையாட்டினான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நின்றேன்.

16-8-86

அப்பாவு மாற்றவில்லை. "எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க அண்ணி, வெக்கமா பூட்ச்சி" என்கிறான். வெட்கமாம்! மண் தள்ளுவதற்கு முன் வெட்டியான் துலுக்கானம் காசை எடுத்துக்கொண்டாராம். நெற்றிக்காசு வெட்டியானுக்குச் சேர வேண்டியது, அவர் மேல் தப்பில்லை.

இவரைக் கெஞ்சினேன். போய்க் கேளுங்கள், வேறு காசு கொடுத்து வாங்கி வாருங்கள் என்று. "கருமாதி முடியறதுக்குள்ள இடுகாட்டுல போய் பேரம் பேசச் சொல்றியா? ஊரே காறித் துப்பும்" என்றார். ஊர், ஊர்! என் பவுடர் டப்பாவைத் திறந்தபோது ஊர் எங்கே போயிருந்தது?

"அப்ப நானே போறேன்" என்றேன். "கால ஒடச்சிடுவேன்" என்றார். அம்மா செத்த துக்கத்தில் இருக்கிறாரே என்று விட்டேன். இல்லையென்றால் அன்றைக்கே தெரிந்திருக்கும் யார் கால் உடைகிறது என்று.

28-8-86

கருமாதி முடிந்தது. பந்தியில் எல்லோர் முன்னாலும் அங்கம்மாவைக் கேட்டேன். "கேக்காம எடுத்தா அதுக்கு இன்னா பேரு?"

"எங்கம்மா ஊட்டுல நான் யாரைக் கேக்கணும்?"

"அப்ப அது திருட்டுதான்" என்றேன். ஆமாம், சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். போகட்டும். தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று அவள் வாயால் ஒரு சொல் வர வேண்டும். அதுவரை அவளோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

31-8-86, ஞாயிறு

இவர் ஐயப்பன்தாங்கலில் சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்குப் போனதும் கிளம்பினேன். பெண் என்றால் காலில்லையா? ஏரிக்கரை வழியாக நேரே இடுகாட்டுக்கே போனேன்.

துலுக்கானம் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தாடி. இன்னார் மருமகள் என்று சொன்னதும் எழுந்து நின்றார். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன பேச்சைக் கொட்டினேன். அது என் காசு, எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டார்கள், பதிலுக்கு வெள்ளியே தருகிறேன், இன்னும் என்ன கேட்டாலும் தருகிறேன்.

"அது இல்லியேம்மா" என்றார்.

"வித்துட்டீங்களா?"

"விக்கலம்மா. என் பொஞ்சாதி சொர்ணம் போன ஞாயித்துக்கெழம பூட்டா. மஞ்சக் காமாலை. எத்தினியோ பேர் நெத்தியிலேர்ந்து எடுத்தவன் நானு, எல்லாம் அரிசிக்கும் சாராயத்துக்கும் பூட்ச்சி. இது ஒண்ணு பாக்க நல்லா இருந்திச்சேன்னு அவகிட்ட குடுத்து வச்சிருந்தேன். அதையே அவ நெத்தியில வச்சேன். குழி வெட்டுனதும் நான்தானே. காச எடுக்க எனக்குக் கை வரல. அப்டியே மூடிட்டேன்."

அரளிச் செடி நட்டிருந்த ஒரு மேட்டைக் காட்டினார். "உன்துன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வேற வச்சிருப்பேன்" என்றார்.

என் நாத்தனார் சொல்லாததை அந்த மனுஷன் சொல்லிவிட்டார். கொண்டுபோன காசை முந்தானையிலேயே முடிந்துகொண்டு திரும்பினேன். இவர் அன்றைக்கே போயிருந்தால் கிடைத்திருக்கும். கருமாதியாம், ஊராம்! துலுக்கானம் மேல் எனக்குக் கோபமில்லை. மற்ற எல்லோர் மேலும் இருக்கிறது.

1-9-86

இவரிடம் சொன்னேன். அரளிச் செடி வரைக்கும் சொன்னேன். "தொலஞ்சது தொலஞ்சிது, உடுமே" என்று குளிக்கப் போய்விட்டார்.

16-1-88

பொங்கலுக்கு அங்கம்மா காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தாள். அவள் தம்பிகளோடு வாசலிலேயே பேசிவிட்டுப் போனாள். என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. அந்தச் சொல்லும் வரவில்லை.

11-11-90, ஞாயிறு

பாரிமுனையில் புதிதாக ஒருவன் கடை போட்டிருக்கிறான். "முப்பத்தொம்போது இருக்கா?" என்று கேட்டேன். எந்தக் கடை என்றாலும் என் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. "அதெல்லாம் யாரும் பாத்ததே இல்லக்கா" என்றான். "நான் பாத்திருக்கேன், கையிலயே வச்சிருந்தேன்" என்றேன். சிரிக்கிறான்! கூட இருந்த இன்னொருவனுக்குக் கண்ணைக் காட்டிச் சிரிக்கிறான். இந்த அவமானத்துக்கும் அங்கம்மாதான் காரணம்.

22-6-93

துலுக்கானம் போன மாதமே செத்துப்போனாராம். இன்றைக்குத் தண்ணி லாரி வந்தபோது பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தது. இந்தத் தெருவில் எத்தனை பேரை அடக்கம் செய்தவர்! ஒருவர்கூடப் போகவில்லை, ஒருவர்கூடச் சொல்லவில்லை. "உனுக்கு இன்னாத்துக்குச் சொல்லணும்?" என்கிறார் இவர்.

17-7-94, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

அப்பாவு ஏதோ வேலையாக எழும்பூர் போனவன், அங்கே நடந்த நாணயக் கண்காட்சியில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய். என் வாயால் கேட்டுக் கேட்டு அந்த வருஷம் அவனுக்கும் மனப்பாடம். விலை என்ன என்று கேட்டிருக்கிறான். ஒரு ஸ்கூட்டர் விலை சொன்னார்களாம். அங்கிருந்து நேராகக் காட்டுப்பாக்கம் போய், அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

அங்கம்மா என் அடுப்படிக்கே வந்து கையைப் பிடித்தாள். எட்டு வருஷம் கழித்து. "தெரியாம எடுத்துட்டேன் பஞ்சவர்ணம். நான் இன்னாத்தக் கண்டேன்? மனசுல வச்சிக்காத."

வந்துவிட்டது அந்தச் சொல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கம் கெட்ட கண். ஒரு நிமிஷம்தான்.

"அப்பாவு எல்லாம் யோசிச்சிட்டான்" என்றாள் அடுத்த மூச்சில். "அது அங்கதானே கீது?"

அப்பாவு விளக்கினான். இவர் அவனுக்கு அரளிச் செடியை அடையாளம் சொல்லிவிட்டாராம். துலுக்கானமும் இல்லை. இப்போது இருக்கிற வெட்டியானுக்கு ரெண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தால் அவனே தோண்டித் தருவான். "வெள்ளி மக்காது அண்ணி. உன் காசு உனக்கே வந்துடும். வேணும்னா வித்துட்டுப் பங்கு போட்டுக்கலாம்."

பொய் எழுத மாட்டேன். எனக்கும் ஆசை வந்தது. மண்ணைக் கழுவி, துடைத்து, திரும்ப உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வந்தது. அது என் காசு. அப்புறம்தான் அந்த மனுஷன் தாடியோடு நின்றது ஞாபகம் வந்தது. எடுக்கக் கை வரல என்றாரே.

"உங்கம்மா குழிய எவனாச்சும் தோண்டுனா சும்மா உடுவியா?" என்று கேட்டேன்.

"அது வேற அண்ணி. எங்கம்மாவும் வெட்டியான் பொண்டாட்டியும் ஒண்ணா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததே! என்ன சொன்னான் பார்! ஊர்ப் பிணத்தையெல்லாம் புதைத்தவன் பெண்டாட்டி மட்டும் மட்டமா? அவள் நெற்றி நெற்றி இல்லையா? துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். "மெதுவா பேசுமே, தெருவு கேக்குது" என்றார் இவர். அப்பாவு கொஞ்சமும் அசையவில்லை. "நீ வேணாம்னா போ. பொழுது சாஞ்சதும் நாங்க போய் எடுத்துக்கறோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டான். செய்துவிடுவான். அன்றைக்கு ஒரு காசை மாற்றி வைக்கத் தைரியமில்லாதவனுக்கு, இன்றைக்குக் குழி தோண்டத் தைரியம் வந்துவிட்டது. நான் கத்தினால் இவர்கள் நிற்கப் போவதில்லை என்று புரிந்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு.

"போ, போய்த் தோண்டு. அது டுபாக்கூர் காசு" என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நிதானமாகச் சொன்னேன். முப்பத்தெட்டாம் வருஷத்துக் காசில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி ஏமாற்றுகிற ஆட்கள் உண்டு. அதுவும் அப்படிப்பட்ட காசுதான். வெகுநாள் கழித்து ஒரு புத்தகத்தில் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. சொன்னால் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். "எடுத்தா ஆசாரி வெள்ளி வெலதான் குடுப்பான். பாட்டில் காசுகூட தேறாது, போ."

காசு விஷயத்தில் என் பேச்சை மறுக்க இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும்? அப்பாவு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அங்கம்மா பிடித்திருந்த கையை உதறினாள். "அடிப்பாவி! டுபாக்கூர் காசுக்கா என்னை எட்டு வருசம் திருடின்னு சொல்லி வச்சிருந்த?"

"ஆமாம்" என்றேன்.

"நான் மன்னிப்பு கேட்டேன் இல்ல? இப்ப நீ கேளுடி."

கேட்டேன்.

24-7-94, ஞாயிறு

அங்கம்மா இன்று குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்களிடமெல்லாம் என் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் படியேறினாள். "எங்க பஞ்சவர்ணத்தையே ஏமாத்திட்டான் பாரு ஒருத்தன்! எட்டையும் ஒம்போதையும் பாக்கத் தெரியல, இவ காசு சேக்கறாளாம்!" இவரும் சேர்ந்துகொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது அசல்! வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் நான். முப்பத்தொன்பது! சத்தியமாக முப்பத்தொன்பது! இங்கே எழுதிக்கொள்வதோடு சரி. அங்கே அவள் இலைக்கு எதிரே குனிந்து நின்று, "இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுமா?" என்று கேட்டுக் கறிக்குழம்பு ஊற்றினேன்.