இரண்டு பதின்மூன்றுகள் உள்ள கூரை

வெஸ்ட் ஃபோர்க், ஜார்ஜியா
1988 ஏப்ரல் 9

அன்புள்ள ஒடெஸா அக்காவுக்கு,

லூசியஸ் எழுதுவது. நான் நலம். டெட்ராய்ட்டில் குளிர் விட்டு, உன் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஹாலிஃபீல்ட் பண்ணை வீட்டை வாங்கிவிட்டேன் என்றதும், "அம்மா பின்வாசல்ல நின்னு இஸ்திரித் துணி குடுத்த வீடுடா அது. அம்மாவோட தாத்தாவ அடிமையா வச்சிருந்த வீடு. அங்க வந்து நான் சோறு திங்கணுமாக்கும்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

வாங்கியது சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை. கணக்கு வாத்தியார் புத்தி, முதலில் வீட்டை அளந்தேன். நடுவே அகலமான நடை, இருபுறமும் இரண்டிரண்டு அறைகள், இரு கோடியிலும் செங்கல் புகைபோக்கி. நெருப்புக்குப் பயந்து சமையற்கட்டைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். பின்வாசலை அடைத்துவிடலாம் என்று வீட்டைப் பழுதுபார்க்க உதவும் நம் சபை டீக்கன் பர்விஸிடம் சொன்னேன். "குப்பைய வரவேற்பறை வழியாவா தூக்கிட்டுப் போவீங்க?" என்றார். விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒழுகல் பார்க்க அவரோடு பரணில் ஏறினேன். கூரையைத் தாங்கும் கைமரங்களில் உளியால் கோடு வெட்டி எண் போட்டிருக்கிறது. தரையில் பொருத்திப் பார்த்து, பிரித்து, மேலே ஏற்றி அதே வரிசையில் கூட்டுவதற்காக. எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று இரண்டு முறை வருகிறது, பதினான்கு இல்லை. "உங்க கிளாஸா இருந்தா பெயிலாக்கியிருப்பீங்க, வாத்தியாரே" என்று பர்விஸ் சிரித்தார். ஆனால் இரண்டாவது பதின்மூன்றின் கீழே சிறு புள்ளி ஒன்று இருக்கிறது. வெட்டிய தச்சன் தன் தவற்றைத் தானே கண்டு, மரம் மாறிவிடாமல் இருக்க வைத்த புள்ளி.

1858ஆம் ஆண்டு ஹாலிஃபீல்ட் உயிலை நீதிமன்றத்தில் படித்தேன். மகனுக்கு விட்டுப்போன கோவேறு கழுதைகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவில், 'ஐஷாம், தச்சன்' என்று இருக்கிறது. அம்மாவின் தாத்தா. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் தண்டனை என்றிருந்த காலம். அந்தப் புள்ளி அவர் வைத்ததுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு தச்சர்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் பர்விஸ் இறங்கிப் போன பிறகும் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து இங்கே எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.

ஆகஸ்டில் இந்த வீட்டில் குடும்பம் கூடுகிறது. முப்பத்தெட்டுப் பேர் வருவதாக எழுதியிருக்கிறார்கள். நீ முற்றத்தோடு திரும்பிவிட நினைத்தாலும் நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது நம்மில் மூத்தவர்தான், இப்போது அது நீ. வேறு யாரையும் நான் கேட்கவில்லை, அக்கா. கேட்கப்போவதும் இல்லை.

கர்த்தர் உன் கால்களுக்குப் பலம் தரட்டும்.

உன் தம்பி,
லூசியஸ்