மூலையில் மட்டும் போட்ட கோடுகள்

உன் காம்பஸ் இன்றைக்கு மறுபடியும் கையில் சிக்கியது. ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் டிராயிங் போர்டுகளைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்புகிறார்கள். என் மேசையை ஒழித்தபோது இழுப்பறையின் அடியில் கிடந்தது. அதன் பிடியிலிருக்கும் சொரசொரப்பு விரலில் பட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உட்காருகிறேன், எழுகிறேன், ஜன்னல் வரை போய்த் திரும்புகிறேன். உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதைப் போட்டு முடித்தால்தான் அடங்குவேன் போலிருக்கிறது.

அந்தச் சொரசொரப்புக்கு நம் ஒர்க்‌ஷாப்பில் நர்லிங் என்று பெயர். கை வழுக்காமலிருக்க இரும்பின் மேல் குறுக்கும் மறுக்குமாக அழுத்தி எடுப்பது. வரைபடத்தில் அதை முழுக்க வரைவதில்லை. ஒரு மூலையில் நாலு கோடு போட்டுவிட்டு மீதியை வெறுமனே விடுவோம். பார்ப்பவர்கள் தாமாகப் புரிந்துகொள்வார்கள் என்பது வழக்கம்.

வில்லியனூர் பக்கத்து வால்வு கம்பெனியில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் மதகடிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ உங்கள் கோயில் தெருவிலிருந்து சைக்கிளில் வருவாய், வழியிலிருப்பவர்களோடெல்லாம் பேசிக்கொண்டு. தவக்காலத்தில் கவிச்சி தொடமாட்டாய். என் டப்பாவிலிருக்கும் கருவாட்டுக் குழம்பை முறைத்துவிட்டு, ஈஸ்டர் வரட்டும் உனக்கு இருக்கிறது என்று மிரட்டுவாய். மிரட்டியபடியே ஈஸ்டர் முடிந்ததும் என் டப்பாவைக் காலி செய்வாய்.

நீ வரைந்த முதல் கைப்பிடி நினைவிருக்கிறதா? வழக்கப்படி ஒரு மூலையில் மட்டும் கோடு போட்டிருந்தாய். புதிதாக வந்த லேத்துக்காரர் அந்த ஓரத்தில் மட்டும் நர்லிங் போட்டு, மீதியைக் கண்ணாடி மாதிரி வழவழவென்று விட்டுவிட்டார். செய்த கைப்பிடிகள் அத்தனையும் வீண். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் அவரை வேலையை விட்டே அனுப்பப் பார்த்தார். மனுஷன் பயப்படவில்லை.

“கோடு போட்ட எடத்துல போட்டேன், போடாத எடத்துல வுட்டேன். இன்னா தப்பு?” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. நேரே போய், “அவரு மேல தப்பு இல்ல சார். முழுசுக்கும்னு நான் எழுதல” என்றாய். நீயே இன்னும் தற்காலிக வேலையில் இருந்தாய். உன்னையும் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். திட்டோடு போயிற்று, அவர் வேலையும் நிலைத்தது. அதன் பிறகு நர்லிங் கோடு போடும் இடத்திலெல்லாம் அம்புக்குறி இழுத்து, ‘முழு நீளத்துக்கும்’ என்று தமிழில் எழுதுவாய். இங்கிலீஷ் வரைபடத்தில் தமிழ் எதற்கு என்று கேட்டார்கள். படிக்க வேண்டியவருக்குப் புரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாய்.

இங்கேதான் என் சண்டை. இவ்வளவு தெரிந்தவள், உனக்கு வந்த நோயை மட்டும் ஏன்டி அப்படிச் சொன்னாய்?

“வயித்துல கொஞ்சம் நோவுதுடி. சூடு, அவ்ளோதான்.”

நான் கேட்காமல் இல்லை. டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்தேன். நீ சீரகத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த படத்துக்குத் தாள் ஒட்டுவாய். ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லையே என்று உன் வீட்டுக்கு வந்தபோது, நீ எத்தனையோ மாதமாகத் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததை உன் அம்மா சொன்னார்கள். அதற்குள் பெரிய ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்கள். லேத்துக்காரருக்காகச் சண்டைக்குப் போனவள் என்னிடம் ஒரு மூலையை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு உன் மேல் கோபம், இன்றைக்கும். காம்பஸை நீயே வைத்துக்கொள் என்று உன் அம்மா கொடுத்தபோதும் கோபத்தோடுதான் வாங்கினேன்.

இன்று கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுப் போய், ஒரு கைப்பிடிக்கு முழுக்க நர்லிங் போட்டுப் பார்த்தேன். கோடு சேரச் சேரத் திரை அப்படியே நின்றுவிட்டது. கற்றுக்கொடுக்க வந்தவர், ஒரு மூலையில் போட்டால் போதுமே மேடம் என்றார். அப்படியே செய்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. படம் தாளில் வந்ததும் அம்புக்குறி இழுத்து, பேனாவால் ‘முழு நீளத்துக்கும்’ என்று எழுதினேன். அவர் ஒருமாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

போன வாரம் என் வீட்டுக்காரர் லேசாகத் தலை சுற்றுகிறது, வேறு ஒன்றுமில்லை என்றார். உலையை இறக்கிவிட்டு அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வெயில்தான், ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அவர் என்னைக் கேலி செய்துகொண்டு வந்தார். “ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க” என்றேன்.

உன்னையும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போயிருப்பேன்டி. நீ கத்தக் கத்த, உன் சைக்கிளிலேயே உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.