ஒருவரும் மறுக்காத மலர்

கிராக்கோ,
நவம்பர் 1974

அன்புள்ள யெஜிக்கு,

டொராண்டோவில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். எனக்கு உன்மேல் கோபம், அதனால் உபசாரம் இதோடு போதும்.

உன் பேராசிரியருக்கு, என் வீட்டுக்காரர் ஸெனோனுக்கு, எழுபது வயதானதற்கு, வழக்கப்படி பழைய மாணவர்களின் கட்டுரைகளைத் தொகுத்து மலர் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸெனோனால் இப்போது கட்டிலை விட்டு எழ முடியவில்லை. புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. வசந்தம் வரை இருப்பாரா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். ஆனாலும் ஒரு பக்கம் விடாமல் படித்தார். தர்க்கத்தின் சிகரமாம், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை உலகத்துக்கே விளக்கியவராம். படித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஹலினா, ஒருத்தன்கூட என்னை மறுக்கலையே. நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டாங்களா?"



உன் கட்டுரையையும் பார்த்தேன். எங்கள் சமையலறையில் வியாழக்கிழமைகளில் நடந்த வகுப்பைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறாய். அங்கே அவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பவனுக்குத்தான் கசகசா கேக்கில் பெரிய துண்டு என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டாய். அதிகம் தின்றவன் நீ.

மலரைத் தொகுத்த இரெனா நேற்று சூப் கொண்டுவந்தாள். துருவிக் கேட்டதில் எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். நீ முதலில் அனுப்பியது வேறு கட்டுரையாமே! அவர் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தில், நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டார், இத்தனை வருஷமாக யாரும் கவனிக்கவில்லை என்று காட்டியிருந்தாயாம். அவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாயாம். "பாவம், கடைசிக் காலத்துல அவர் மனசை எதுக்கு நோகடிக்கணும்" என்றாயாம்.

யாரடா பாவம்? போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் பல்கலைக்கழகத்தைப் பூட்டியபோது, பிடிபட்டால் வதைமுகாம்தான் என்று தெரிந்தும் ஒளிந்து ஒளிந்து தர்க்கம் சொல்லிக்கொடுத்த மனுஷன் அவர். அவரைக் குழந்தை மாதிரி தட்டித் தூங்கவைக்கப் பார்க்கிறீர்களே, வெட்கமாயில்லை?

நொந்துபோவார்தான். ஒருவேளை அழவும் செய்வார். ஆனால் அது அவருடைய தப்பு, யெஜி. அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர். அவர் போன பிறகு அச்சில் போடலாம் என்று வைத்திருக்கிறாயாமே, அப்போது யார் உனக்குப் பதில் சொல்வது? நானா?

அந்தக் கட்டுரையை உடனே விமானத் தபாலில் அனுப்பு. ஒரு வரியைக்கூட மென்மையாக்காதே. கண் மங்கினால் நான் வாசித்துக் காட்டுகிறேன். அவர் உன்னைத் திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்புகிறேன்.

நீ நன்றாயிரு. அவருக்கு மூச்சு இருக்கும்போதே சண்டைக்கு வா.

கோபம் தீராத,
ஹலினா