கரித்துண்டு வைக்காத பார்சல்

மண்டூர்
வியாழன்

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு அம்மா எழுதுவது. மண்டூர் முருகன் காவலில் நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் அந்தக் கனடாக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கிறாய் என்றுதான் நம்பிக்கொண்டு இருக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் எழுதிப் பார்சலுக்குள் வைக்கிறேன். வாசித்த கையோடு போன் எடுத்துக் கத்தாதே.

ஜிம்முக்குப் போகிறாய், கடையில் விற்கிற புரோட்டீன் பார் வாயில் வைக்க ஏலாது என்று சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து உன் தங்கச்சி ஆர்த்திகா யூடியூப்பும் கையுமாய்த் திரிகிறாள். வறுத்த கச்சான் கடலை, வறுத்து அரைத்த பயற்றம்மா, பால்மா, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், கொக்கோ, கொஞ்சம் தேங்காயெண்ணெய், அவ்வளவுதான், சீனி ஒரு கரண்டியும் இல்லை. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போடுவாள், என் கைக்கணக்கு அவளுக்கு ஆகாது, பெரிய டொக்டர்! குழைத்துத் தட்டில் அமத்திப் பிரிட்ஜில் இறுக வைத்து வெட்டினால் அசல் சொக்லேட்தான்.

இனித்தான் விஷயம். முதல் தட்டை வெட்ட எடுத்தால் ஒரு மூலையில் பெருவிரல் அமத்தின குழி. ஆர்த்திகாவை ஏசினேன், 'அம்மா, சத்தியமா நான் தொடல்ல' என்று அழுதுவிட்டாள். அப்பா வயல் வட்டையில் நெல் வெட்டு மெஷினுக்குப் பின்னால் நின்றார், வீட்டில் வேறு ஆள் இல்லை. மறுகாலும் செய்தோம், மறுகாலும் குழி. கிட்டப் பிடித்துப் பார்த்தேன் மனே, குழிக்குள் குறுக்கே ஒரு கோடு. உன் தம்பி லக்ஷனின் பெருவிரலில் கத்தி வெட்டின தழும்பு உனக்கு ஞாபகம் இருக்கும். தொதல் கிண்டி ஆற வைத்தால் இறுகுவதற்கு முதல் மூலையில் விரலை விட்டுப் பார்க்கிறவன் இந்த வீட்டில் அவன் ஒருவன்தானே. வெள்ளத்தில் தோணி புரண்டு, வாவியில் இருந்து அவனை எடுத்து, காரியமெல்லாம் முடித்து ஒரு மாரியும் போய்விட்டது. எங்களுக்கென்று ஒரு தட்டு செய்து பார்த்தேன், குழி இல்லை. உனக்கென்று வாய்விட்டுச் சொல்லிக் குழைத்தேன், குழி விழுந்தது, தட்டுக்குக் கீழே தண்ணீரும் நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், வாவித் தண்ணீரின் அதே உவர். பயந்துதான் போனேன். ஆனால் பயத்தை விட ஆசைதான் கூட வந்தது, என் பிள்ளை அல்லவா.

ஆர்த்திகா இப்போது பிரிட்ஜ் பக்கமே போகிறாள் இல்லை, தனியே அறையில் படுக்கவும் மாட்டாளாம். அப்பாவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை, 'செத்தவன் வீட்டுக்குள்ள நிண்டா உசிரோட இருக்கிற புள்ளைக்குக் கூடாது கா' என்று நாளைக்குப் பூசாரியைக் கூட்டி வருகிறார். வாவிக்கரையில் ஆணி அடித்து அவனை அங்கேயே கட்டிவிடுவார்களாம். தண்ணீருக்குள் கிடந்து வந்தவனைத் திரும்பவும் தண்ணீர்க் கரையிலா கட்டுவது? எந்தத் தாய்க்கு அது பொறுக்கும்? பாஸ்போட் கையில் வந்த கிழமை 'அண்ணனிட்டப் போறன், மறுகா உங்களையும் எடுக்கிறன்' என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவன். அவனுக்கு உன்னிடம் வர ஆசை, வேறொன்றும் இல்லை.

வறுத்ததையும் எண்ணெய் சேர்ந்ததையும் வெளியே கொண்டுபோனால் கூடவே எதுவும் போகாதிருக்கக் கரித்துண்டும் ஆணியும் வைப்போமே, நீ விடுதிக்குப் போகும்போது வைத்ததற்குக் கூடச் சிரித்தாயே. இந்தப் பார்சலுக்கு அப்பாவே தன் கையால் வைத்து, தராசில் நிறுத்துக் கட்டினார். அவர் குளிக்கப் போன நேரம் நான் அவிழ்த்துக் கரியையும் ஆணியையும் எடுத்துவிட்டேன். எடுத்தால் பாரம் குறைய வேண்டும் அல்லவா? திரும்பத் தராசில் வைத்தேன், கூடிக் கிடந்தது. பெட்டியைத் தொட்டால் விரல் விறைத்தது. வாயில் 'போயிட்டு வா' என்றுதான் வந்தது. வரச் சொல்லக்கூடாது என்று அதை விழுங்கி, போ மனே என்று மட்டும் சொன்னேன்.

தன் மகளிடம் கனடா வருகிற காத்தான்குடி றுக்ஷானா டீச்சர் பின்னேரம் வந்து பெட்டியை எடுப்பார், பாவம், அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும் மனே. பார் துண்டுகளை வெளியே வைக்காதே, இளகிவிடும். குழி விழுந்த துண்டை மட்டும் தின்னாதே, அது அவனுடையது. அவனுக்குக் குளிர் பழக்கம் இல்லை, உன் பழைய ஜக்கட் ஒன்றைக் கதிரை முதுகில் போட்டு வை. காலையில் அது நனைந்து கிடந்தால் பயப்படாதே, காயப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரினதும் அம்மா
கண்ணகை