பாடம் வாசிப்பவர்: அக்கா

ஜூன் 4, செவ்வாய்

அச்சகத்தில் நாள் முழுக்க ஏழாம் வகுப்பு அறிவியலுக்குப் பிழை திருத்தினேன். இரண்டு பக்கங்கள் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். “உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா” என்றார் மேலாளர். கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

இந்த ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் வேதபாடம் செப்பனியா தீர்க்கதரிசியின் கடைசிப் பகுதி. சிதறிப் போனவர்களைக் கூட்டிச் சேர்த்துவிட்டு, கடவுளே சந்தோஷம் தாங்காமல் அவர்களைப் பார்த்துப் பாடுகிறார். கடவுள் பாடுகிறார்! நாம் பாட அவர் கேட்பதுதானே வழக்கம்? என்ன குரலாக இருக்கும்? பேருந்தில் இதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூன் 6, வியாழன்

ஆராதனை முறைமையைத் தட்டச்சு செய்து சபையின் வாட்ஸப் குழுவில் போடுவது வாராவாரம் என் வேலை. இன்று சோம்பல். இதே பாடம் வந்த பழைய தாள் ஒன்று கணினியில் கிடைத்தது. தேதியையும் பாட்டு எண்களையும் மாற்றி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

ஐயோ. பாடம் வாசிப்பவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் அப்படியே இருக்கிறது!

ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. சபை உடைந்த அன்று கமிட்டியில் அவள் கணவர், அத்தானுக்கு எதிராகக் கை தூக்கினேன். அவர் குடும்பத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வெளியேறின. “இனி உனக்கு அக்கா இல்லடி” — கோயில் வாசலில் வைத்துச் சொன்னாள். அம்மாவின் அடக்கத்தில்கூட எதிர்ப்பக்கம்தான் நின்றாள்.

அறுபத்து மூன்று பேர் பார்த்தாயிற்று. நாலு பேர் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார்கள். யாராவது அவளுக்கும் அனுப்பியிருப்பார்கள் — அனுப்பாமல் இருப்பார்களா?

போதகரிடம் ஓடினேன். “அழிச்சிடட்டுமா ஐயா?”

“எதுக்கு? நடக்காததை நடந்த மாதிரி சொல்லித்தானே தீர்க்கதரிசிங்க எல்லாரும் அடி வாங்கினாங்க. நீங்களும் ரெண்டு வாங்கிக்கோங்க.”

சிரிக்கிறார்! எனக்கோ பயம். ஆனால் பயம் மட்டும்தானா? பொய் சொல்லாதே. அவள் வரவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஜூன் 8, சனி

காலை பத்து மணிக்குத் தொலைபேசி. அக்கா!

“ஊர்ல உள்ள தப்பையெல்லாம் திருத்துறியாம். லட்சணம் இதானா?”

“தெரியாம வந்துடுச்சுக்கா. பழைய தாளு அது.”

“தெரியும். வேணும்னே செஞ்சிருந்தா நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.”

பிறகு அவளே, “எந்த வசனம் வரைக்கும் வாசிக்கணும்?”

சொன்னேன். எப்படிச் சொன்னேனோ!

“மைக்கைக் கொஞ்சம் கீழ இறக்கி வைக்கச் சொல்லு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சமையலறையில் நின்று குதித்தேன், நாற்பத்தாறு வயதில். வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, “கரப்பான் பூச்சியா?” என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

வந்தாள்! அத்தான் உள்ளே வரவில்லை. வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கடவுள் பாடும் இடம் வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். அதே வசனத்தை முதலிலிருந்து, சண்டைக்கு வருகிற குரலில், கணீரென்று வாசித்தாள். அந்தக் குரலுக்குத்தான் ஆறு வருடமாக ஏங்கியிருக்கிறேன்!

பன்னிரண்டு குடும்பங்களில் ஒருத்தி. தீர்க்கதரிசனம் நிறைவேறிற்று என்று எழுதத் துணிவில்லை. தொடங்கிற்று என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

அச்சகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். அக்கா காலையிலேயே வீட்டுக்கு வந்து, உள்ளே என் பாத்திர அலமாரியை முழுக்கக் கலைத்துப்போட்டு, “இப்படியாடி அடுக்குவ?” என்று திட்டிக்கொண்டே தன் இஷ்டத்துக்கு அடுக்குகிறாள். இன்னும் ஒரு வாரத்துக்கு எனக்கு ஒரு கரண்டி அகப்படாது. நான் எதையும் திருத்தப் போவதில்லை.